பொய் சொல்லும் நோயாளி

"உட்காரு. ஆளுக்கு அறுபத்து மூணு வயசு. பித்தப்பையில கல்லு. மயக்க மருந்து குடுக்கப் போறது நீ. என்ன செய்வே?"

ஒரு 'ஸலாம்' கூட இல்லை. நெர்மீன் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டாள்.

அலெக்ஸாண்டிரியாவில் மயக்கவியல் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பேராசிரியர் ஷென்னாவியின் கேள்வியை விட அறுவை மேஜையே தேவலை என்று. ஆபரேஷனுக்கு முன் நோயாளிக்கு வரும் பயத்தை எப்படி அளப்பது என்பதுதான் அவருடைய முப்பது வருட ஆராய்ச்சி. நாற்பத்தோரு கட்டுரை எழுதியிருக்கிறார். அவரைக் கண்டு மாணவர்களுக்கு வரும் பயத்தை அளக்க மட்டும் ஒரு வழியும் கண்டுபிடிக்கவில்லை.

போன வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வில் நெர்மீன் சொதப்பியிருந்தாள். ஏற்கெனவே ஒரு முறை தோற்றவள். இந்த முறையும் போனால் படிப்பே போச்சு; மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊரான தமன்ஹூருக்குத் திரும்ப வேண்டியதுதான். இன்று காலை அறிவிப்புப் பலகையைப் பார்க்கத் தைரியமில்லாமல் தலையைக் குனிந்தபடி நடந்தவளை, டீக்காரர் மெத்வல்லி வழிமறித்து, "ஓடு பொண்ணே, பெரியவர் உன்னை உடனே வரச் சொன்னார்" என்றார். கடைசியாக இன்னொரு வாய்ப்பு தருகிறார் போலிருக்கிறது. யா ரப், காப்பாத்து!

"மத்த எக்ஸாமினர்கள் வரலையா, டாக்டர்?"

"நான் கேட்டாப் போதும். சொல்லு."

"இதயம் எப்படி இருக்கு?"

"ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வெச்சிருக்கு."

"கழுத்து?"

"இருந்தாத்தானே!"

கழுத்து அவ்வளவு குட்டையென்றால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறக்குவது லேசில்லை. நெர்மீன் யோசித்தாள். "அவசரப்பட்டுத் தூங்க வைக்க மாட்டேன். முழிச்சிருக்கும்போதே தொண்டையை மரத்துப்போக வெச்சு, கேமராக் குழாயை மெதுவா இறக்குவேன். அதுக்கப்புறம்தான் தூக்கம்."

"முழிச்சிருக்கும்போதா? ஆள் தாங்குவானா?"

"தாங்கணும் டாக்டர். உயிரா, சௌகரியமான்னு பார்த்தா, உயிர்தானே?"

பேராசிரியர் எச்சில் விழுங்கினார். அந்த நேரம் மெத்வல்லி புதினா போட்ட இரண்டு கிளாஸ் டீயோடு உள்ளே வந்தார்.

"எனக்கு வேணாம். அவளுக்குக் குடு."

"நோன்பா, ஐயா?"

"வாயை மூடிட்டுப் போய்யா." அவர் நெர்மீன் பக்கம் திரும்பினார். "சிகரெட்டை விட்டு ஆறு மாசம் ஆச்சுங்கிறான்."

"பொய்!" பட்டென்று வந்துவிட்டது வார்த்தை. "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நான் பொண்டாட்டியைத் தனியாக் கூப்பிட்டுக் கேப்பேன்."

"பொண்டாட்டியை எதுக்கு இழுக்கிறே?" இருமல் வந்தது; கைக்குட்டையில் அடக்கிக்கொண்டார். "சரி, பொய்னே வெச்சுக்கோ."

நெர்மீனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஒரு வாய் டீ குடித்தாள்.

"கடைசிக் கேள்வி. ஆளுக்குப் பயம். கைகால் உதறுது. வெளியில காட்டிக்க மாட்டான். என்ன பண்ணுவே?"

இது அவருடைய சொந்தத் துறை. பயத்தை அளக்க அவர் உருவாக்கிய இருபது கேள்விப் படிவத்தை ஒப்பித்தால் மதிப்பெண் நிச்சயம். ஆனால் பாழாய்ப்போன அந்தப் படிவம் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

"உங்க படிவம் எனக்கு மறந்துபோச்சு, டாக்டர்." அழுகை முட்டியது. "நான் கையைப் பிடிச்சுக்குவேன். தூங்குற வரைக்கும் விடமாட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

வெளியே டிராம் போனது. முடிந்தது கதை என்று நெர்மீன் எழுந்தாள்.

"நான் ஃபெயிலா, டாக்டர்?"

"பலகையைப் பார்க்கலையா நீ? ரிசல்ட்டை நேத்து சாயங்காலமே ஒட்டியாச்சே. பாஸ்! வியாழக்கிழமை வந்த பதினோரு பேர்ல, தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னவ நீ ஒருத்திதான்."

நெர்மீன் பொத்தென்று நாற்காலியில் விழுந்தாள். அல்ஹம்துலில்லாஹ்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அப்போ இவ்வளவு நேரம் கேட்டதெல்லாம்?"

பேராசிரியரும் ஒரு பெரிய மூச்சு விட்டார், ஏதோ பாரத்தை இறக்கி வைத்தவர் போல.

"ஒன்பது மணிக்கு மூணாம் நம்பர் தியேட்டர். மயக்க மருந்து சீனியர் டாக்டர் லுத்ஃபி உன் பக்கத்துல நிப்பார். கையைப் பிடிச்சுக்கிறேன்னு சொன்னியே, மறந்துடாதே" என்று சொல்லி, வெள்ளைக் கோட்டின் கையை மேலே இழுத்துவிட்டு நீட்டினார்; நடுங்கிக்கொண்டிருந்த அந்த மணிக்கட்டில் நோயாளிகளுக்குக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை இருந்தது: 'ஜலால் ஷென்னாவி, வயது 63, பித்தப்பை.'