பணிமுறிவு பத்து நிமிடம்

கௌரவ விரிவுரையாளர் தொடர்ந்து வேலை பார்த்தால் நிரந்தரம் கேட்டுவிடுவார் என்று முன்பு வருடத்துக்கு ஒரு நாள் பணிமுறிவு கொடுத்தார்கள். இப்போது ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் நான் ஆசிரியை இல்லை. கல்லூரி கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். பாடம் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை ஒட்டுக்கேட்டுவிடும், அத்தோடு வேலை போச்சு. எங்கள் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவளுக்கு இந்த மரியாதை.

இன்று இயற்பியல் வகுப்பு முடிந்ததும் மாணவி பூமயில் பின்னாலேயே வந்துவிட்டாள்.

“எடையே இல்லாத வெளிச்சத்தைச் சூரியன் எப்படி மேடம் வளைக்கும்?”

நான் வாயைப் பொத்திக் காட்டினேன்.

“சொல்ல வேணாம், செஞ்சு காட்டுங்க.”

துப்பட்டாவின் ஒரு பக்கத்தை அவளிடம் கொடுத்து விரித்துப் பிடித்தேன். நடுவில் சாப்பாட்டு டப்பாவை வைத்தேன். ஓரத்தில் உருட்டிவிட்ட நெல்லிக்காய் டப்பாவைச் சுற்றி வளைந்து போனது.

“ஓ, பாதைதான் வளையுதா. ரொம்ப கனமா வச்சா கிழிஞ்சிருமா மேடம்?”

இதற்குச் சைகை ஏது?

“அது இன்னும் யாருக்குமே தெரியாது” என்றேன். அட்டை சிவந்தது.

“வேலை போச்சா மேடம்?”

“போச்சு. கேட்டோரம் கிடக்கிற அந்தக் கல்லைத் தூக்கிட்டு வா, கிழியுதான்னு பாப்போம்.”