குளம் வரைக்கும்

"தனி ஆளா குளம் வரைக்கும் விடமாட்டோம்மா. கரடி நடமாட்டம் இருக்கு," என்றார் மலைப் பூங்கா காவலர். "அதோ, அவரும் தனியாத்தான் வந்திருக்கார். சேர்ந்து போறீங்களா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் இறுகியது.

"அவங்களுக்குச் சம்மதம்னா எனக்கும் சரி," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

அவள் அரைமனதாகத் தலையாட்டினாள்.

முதல் அருவியை இருவரும் சற்று இடைவெளி விட்டே கடந்தார்கள். இரண்டாவது அருவியில் பாறை வழுக்கியது. அவன் கை நீட்டினான். அவள் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு கடந்தாள்.

குளத்தருகே ஈ, காக்கை இல்லை. ஆளுக்கொரு பாறையில் உட்கார்ந்தார்கள். அவன்தான் முதலில் கேட்டான்.

"பாப்பா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. தூக்கத்துல அப்படியே உங்களை மாதிரி குறட்டை."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. விவாகரத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டது அதுதான் முதல் முறை.

"தனியா இவ்வளவு தூரம் எதுக்கு வந்தே?"

"பாப்பா ஸ்கூல் டூர் போயிருக்கா. ரெண்டு நாளா வீட்டுல சத்தமே இல்லை. இருக்க முடியலை, அதான். நீங்க?"

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு தினமும் அப்படித்தான்."