பேசினில் மூன்று விரால்

கனடாவிலிருந்து அண்ணன் வந்து கொள்ளி வைக்க வேண்டும் என்பதற்காக, அப்பாவின் உடலை ஆஸ்பத்திரிக் குளிரறையில் வைத்திருந்தார்கள். செத்தவீட்டில் மீன், மச்சம் ஆகாது. அதனால் பிரிட்ஜில் கிடந்த விரால்களைப் பக்கத்து வீட்டு றிம்ஸியாவிடம் கொடுத்துவிட நினைத்தாள் தர்மிளா. போன மாதம் அப்பா குளத்தில் பிடித்து, செதில் சுரண்டி, குடல் எடுத்து வைத்த மீன்கள் அவை. கல்லாக விறைத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஐஸ் விடட்டும் என்று பேசினில் தண்ணீர் ஊற்றிப் போட்டாள்.

றிம்ஸியா பையோடு வந்தபோது மூன்று மீன்களும் நீந்திக்கொண்டிருந்தன. கிழித்த வயிறுகள் திறந்து திறந்து மூடின.

"இது எப்ப பிடிச்சது?"

"அப்பா இருக்கேக்க."

றிம்ஸியா பையை மடித்தாள். "எனக்கு வேண்டாம் தங்கச்சி. குளத்திலயே கொண்டுபோய் விடுங்கோ."

அவள் போனபின் தர்மிளா பேசினைத் தட்டால் மூடினாள். உள்ளே வால் அடிக்கும் சத்தம் நிற்கவில்லை.

வரும் வழியில் கனகராயன்குளம் தாண்டிவிட்டதாக அண்ணன் செய்தி அனுப்பியிருந்தான். பிறகு ஆஸ்பத்திரிப் பிணவறைக்காரர் போனில் அழைத்தார். விறைப்பு விட்டால்தான் உடுப்பு மாட்டலாம் என்று உடலைக் காலையிலேயே வெளியே எடுத்து வைத்திருந்தார்கள்.

"வேட்டி சால்வையோட இப்ப வாறன் அண்ணை," என்றாள் அவரிடம்.

அவர் அந்தப் பக்கம் யாரிடமோ மெல்லக் கதைப்பது கேட்டது.

"அண்ணை?"

"ஒரு போர்வையும் கொண்டு வாங்கோ பிள்ளை," என்றார். "அப்பாவுக்குக் குளிருதாம்."