காதோரத்து இடம்

சோதனை அறையில், உப்புநீர் நிரப்பிய பொம்மைத் தலையின் காதில் செல்போனை வைத்திருந்தார்கள். போன் வீசும் அலையில் தலை இன்றைக்கும் சூடேறினால், போனுக்குள் இருக்கும் ஆன்டெனா குப்பைக்குத்தான்.

"ஆன்டெனா அண்ணே, கீழே தாடைப் பக்கம் இறங்கிடுங்க. தலைக்கும் உங்களுக்கும் நடுவில் நான் நிற்கிறேன்" என்றது போனுக்குள் பக்கத்தில் இருந்த தாமிரத் தகடு.

"போடா! இந்தக் காதோரத்து இடத்தைச் சண்டை போட்டு வாங்கினவன் நான். டவருக்குக் கேட்க வேண்டாமா?"

பொம்மைத் தலை முனகியது. "நீ கத்துறதில் பாதி எனக்குள்ளேதான் போகுது. டவர் அந்தப் பக்கமய்யா!"

ஆன்டெனா பேரம் பேசியது. "இறங்குறேன். டவருக்குக் கேட்கலைன்னா இடம் மறுபடி எனக்கே. சரியா?"

"சரிண்ணே."

ஆன்டெனா இறங்கி, தகட்டை நடுவில் விட்டு, தலைக்கு முதுகைக் காட்டி, வழக்கம்போலக் கத்தியது.

"ஏன்யா தொண்டை கிழியக் கத்துறே? மெதுவாவே பேசு, நல்லாக் கேட்குது" என்றது டவர்.

பொம்மைத் தலை சூடேறவே இல்லை. ஆன்டெனா தகட்டைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தியது. "பார்த்தியாடா? இடம் பிடிக்கிறதில் என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது!"