வக்கீலுக்காகத் துலக்கிய குக்கர்

குக்கர் மூடி பிளந்து கொதிகஞ்சி புஷ்பராணியின் கன்னத்தில் தெறித்த மறுவாரம்தான், அந்த ரகக் குக்கர்களைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகக் கம்பெனி அறிவித்தது. “கம்பெனியாண்ட குடுத்துடாதீங்க. கேஸுக்கு வேணும், கழுவாம அப்படியே எடுத்துக்கினு வாங்க” என்று பொன்னேரி வக்கீல் போனில் சொன்னார்.

சோறு காய்ந்துபோன பாத்திரத்தை எப்படி வக்கீல் மேசையில் வைப்பது? காலையில் அவள் புளி போட்டுத் துலக்கிவிட்டாள்.

வக்கீல் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “விரிசல் எங்கம்மா?”

விரிசல் இல்லை. அவள் அவசரமாகக் கன்னத்துக் கட்டுத்துணியைப் பிரித்தாள். கன்னம் வழவழவென்று இருந்தது.

“காலைல கூட நாந்தான் சார் மருந்து போட்டேன்” என்றான் கணவன் சாம்சன். வக்கீல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இருவரும் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினார்கள். கவரைப்பேட்டை தாண்டியதும் சாம்சனின் மடியிலிருந்த குக்கர் பை சுட்டது. திறந்து பார்த்தான். மூடியில் விரிசல் இருந்தது. பக்கத்தில் புஷ்பராணி முந்தானையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“எறங்கு புஷ்பா, இப்பவே திரும்பிப் போய்க் காட்டலாம்.”

“வாணாம்யா” என்றாள் அவள், கன்னத்துப் புண் கசிந்து முந்தானை நனைந்துகொண்டிருக்க. “அங்க போனா எதுவுமே இருக்காது.”