மஞ்சள் டயர்

அவள் மகளின் கையை விடவில்லை.

"விடும்மா. வரிசை நகருது."

வரிசையில் நாலைந்து பிள்ளைகள். முன்னால் ஒரே ஒரு டயர் ஊஞ்சல். மஞ்சள் பெயின்ட், கண் கூசுகிற மஞ்சள்.

பூங்கா திறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. தெருமுனையில் குப்பைமேடாகக் கிடந்த இடம். இப்போது மணல் கொட்டியிருக்கிறார்கள். பழைய தண்ணீர்க் குழாய்களை வளைத்து ஏறி விளையாடக் கம்பிகள். பெரிய சிமென்ட் குழாய் ஒன்றைப் படுக்கப்போட்டு ஒரு குகை. பாதி புதைத்த டயர்கள், தாண்டிக் குதிக்க. காசில்லை, காசில்லை என்று இத்தனை வருஷமாகச் சொன்ன மாநகராட்சி, கடைசியில் காசில்லாமலேயே கட்டிவிட்டது.

இதைத்தானே அய்யா அப்போதே செய்திருக்கலாம்!

அப்போது என்றால், ஏழு வருஷத்துக்கு முன்னால்.

அவளுடைய மூத்தவன் கிஷோர் இந்தத் தெருவில்தான் விளையாடினான். மூன்று வயதுப் பிள்ளை வேறு எங்கே போவான்? பந்து உருண்டது. பின்னாலேயே ஓடினான். குப்பை லாரி ரிவர்ஸ் எடுத்தது.

தெருவே மறியலில் உட்கார்ந்தது. பிள்ளைகள் விளையாட ஒரு இடம் கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். கொடுக்கிறோம், எழுந்திருங்கள் என்றார்கள்.

எழுந்தார்கள்.

மூன்றாம் நாளே அந்த லாரி திரும்பவும் தெருவுக்கு வந்தது. பூசணிக்காய் உடைத்து, சக்கரங்களுக்குக் குங்குமம் வைத்து, முன்னால் எலுமிச்சம்பழம் கட்டி. எல்லாம் கழிந்துவிட்டதாம்.

காலையில் அதன் ஹாரன் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வாள். போன வருஷம்தான் அது வராமல் நின்றது. பதிலுக்குச் சின்னதாக ஒரு பேட்டரி வண்டி வந்தது. அப்பாடா என்று கதவைத் திறந்துவைத்தாள்.

வரிசை நகர்ந்தது.

பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் செல்லக்கண்ணு செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் இந்தப் பக்கத்துக்குப் புதுசு. அவள் யாரென்று அவருக்குத் தெரியாது.

"தைரியமா ஏத்திவிடும்மா. லாரி டயரு, யானை உக்காந்தாலும் தாங்கும். இந்த ஏரியாவுக்கு ஒரு குப்பை லாரி ஓடிச்சில்ல, அதைக் கழிச்சுப் போட்டுட்டாங்க. அதுல கழட்டுனதுதான் எல்லாமே. அஞ்சு பைசா செலவில்ல."

பெருமையாகச் சொன்னார். பாவம், அவர் என்ன செய்வார்.

அவள் மகளின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

டயர் தேயும். மாற்றியிருப்பார்கள். ஏழு வருஷத்தில் எத்தனை தடவை மாற்றியிருப்பார்கள்! தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண் மட்டும் அந்த மஞ்சளை விட்டு நகரவில்லை. பள்ளங்களில் பெயின்ட் ஏறாமல் கறுப்பாகவே இருந்தது.

அன்றைக்கு அவள் லாரியின் நம்பரைப் பார்க்கவில்லை. டிரைவரின் முகத்தைப் பார்க்கவில்லை. டயரைத்தான் பார்த்தாள்.

வீட்டுக்குப் போய்விடலாம். இவளை இழுத்துக்கொண்டு இப்போதே போய்விடலாம்.

"அம்மா, நான்தான் அடுத்து."

சஷ்மிதாவுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்து தெருவில் தனியாகக் கால் வைத்ததில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்ற பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தே வளர்ந்தவள். அந்தக் கம்பியில் அவள் கை பட்டுப் பட்டு, அந்த இடம் மட்டும் பளபளவென்று ஆகிவிட்டது.

அவள் மகளின் கையை விட்டாள்.

ஆளுக்கு இருபது ஆட்டம். பிள்ளைகளே போட்டுக்கொண்ட சட்டம். வரிசையில் நிற்பவர்கள்தான் எண்ண வேண்டும். ஒன்று கூடினாலும் சண்டை.

தள்ளிவிட அம்மாதான் வேண்டும் என்றாள் மகள்.

டயர் வெயிலில் சூடேறியிருந்தது. தொட்டதும் கையை உதறினாள். டயர் திரும்பி வந்தது. மறுபடியும் கையை வைத்தாள். தள்ளினாள்.

மகள் சிரித்தாள். வீட்டில் இப்படிச் சிரித்ததே இல்லை. தெருவுக்கே கேட்கிற சிரிப்பு.

"பதினெட்டு. பத்தொம்போது. இருபது! எறங்கு, எறங்கு!"

சஷ்மிதா குதித்து இறங்கிக் குகையைப் பார்த்து ஓடினாள்.

டயர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வெறும் தூளியை ஆட்டக்கூடாது என்பார்கள். பிள்ளைக்கு ஆகாதாம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஃபேன் காற்றில் சேலைத் தூளி அசைந்தால்கூட ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்துவாள். ஒன்றைப் பறிகொடுத்தவளின் பயம் அது.

இப்போதும் கை தானாக நீண்டது. டயரைப் பிடித்து நிறுத்தினாள்.

கனத்தது. லாரி டயர், கனக்காமல் என்ன.

ஆனால் விட மனம் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு பக்கத்தில் வருவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

"ஆன்ட்டி, நான் ஏறட்டா?"

வரிசையில் அடுத்து நின்ற சிறுமி. இரட்டைச் சடை. முன்பல் இல்லை.

அவள் குனிந்து அந்தச் சிறுமியைப் பார்த்தாள்.

"கொஞ்சம் இரு கண்ணு. உனக்கு முன்னால ஒரு சின்னப் பையன் இருக்கான். ரொம்ப நாளா நிக்கிறான்."

சிறுமி முன்னால் பார்த்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஆன்ட்டியின் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள்.

பிறகு ஓர் அடி ஒதுங்கி நின்றாள்.

அவள் டயரை மெல்லத் தள்ளினாள். உயரப் போனால் அவன் பயப்படுவான்.

"ஒண்ணு," என்று சிறுமி எண்ண ஆரம்பித்தாள். "ரெண்டு."