ஜன்னலோரம்

தேயிலைக் கொழுந்து எடைபோடும் கொட்டகையில் முத்துப்பேச்சி தன் சாக்கைப் பிடித்தபடி நிற்கிறாள். வரிசை நகர்ந்தும் அவள் நகரவில்லை. தகரக் கூரைக்குக் கீழே பனி புகுந்து தராசை நனைக்கிறது. சூப்பர்வைசர் சகாயத்தின் போனில் மலையாளச் செய்தி ஓடுகிறது. அவள் மகன் லோகேஷ் காலையில் ஏறிப்போன விமானத்தில், நடுவானில் குண்டு வெடித்திருக்கிறது. பக்கவாட்டில் ஓட்டை விழுந்தும் விமானம் எப்படியோ தரையிறங்கிவிட்டது. ஜன்னலோரம் இருந்த ஒருவரை மட்டும் காணவில்லை. பெயர் சொல்லவில்லை. “நூத்தி எம்பது பேருல ஒருத்தன்தான். ஒம் மவனா இருக்காது” என்கிறார் சகாயம். “பெறகு ஏன்க்கா நகராம நிக்கிற?” என்று வரிசையில் பின்னால் நிற்கும் மாரீஸ்வரி அவள் தோளைப் பிடிக்கிறாள். மூணாறு பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்தவன் லோகேஷ். ‘சண்ட போட்டாவது ஜன்னலோரம் உக்காந்துக்கடா’ என்று நேற்று சொல்லி அனுப்பியவள் முத்துப்பேச்சிதான். மடியில் போன் அடிக்கிறது. தெரியாத எண். “யம்மா, நான்தான். நல்லாருக்கேன். காதுதான் அடச்சுக் கெடக்கு.” கொட்டகையே கத்துகிறது. யாரோ அவளைக் கட்டிக்கொள்கிறார்கள். சாக்கு சரிந்து கொழுந்து காலடியில் கொட்டுகிறது. “ஜன்னல் கெடைக்கலையாடா?” “கெடச்சுதும்மா. பக்கத்துல இருந்த அண்ணனுக்குக் கொமட்டிக்கிட்டு வந்துச்சு. நம்ம பஸ்ஸுல குடுக்குற மாதிரி எந்திரிச்சுக் குடுத்துட்டேன்.” சகாயம் எல்லோருக்கும் டீ சொல்லச் சொல்கிறார். முத்துப்பேச்சி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, “அவரு எந்த ஊருடா?” என்கிறாள். லோகேஷ் அழத் தொடங்குகிறான்.